புள்ளப்பையின் நிசீதிகை

கணபதியில் சத்தி ரோட்டோரச் சுவர்கள் எப்போதும் யாரையாவது நினைத்துக்கொண்டே இருக்கின்றன. கண்ணீர் அஞ்சலி, இதய அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் எல்லாவற்றுக்கும் மாதிரி தயாராக இருக்கிறது. படத்தையும் பேரையும் மாற்றினால் அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். பவுண்டரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், காலமான தன் தகப்பனாருக்குத் தோட்டத்தில் ஒரு நினைவிடம் கட்டினார். கல்லில் வெட்ட ஒரு சொல் வேண்டும் என்று என்னிடம் வந்தார். "போஸ்டர்ல இருக்கற வார்த்தை வேண்டாமுங்ணா. நாலு தலைமொறைக்கு நிக்கோணும். பழைய வார்த்தையாப் பாத்துச் சொல்லுங்."

கல்வெட்டு படிக்கிறவனிடம் பழைய சொல் கேட்பது ஆபத்து. நான் ஒரு பட்டியலே போட்டேன். அஞ்சலி என்பது குவித்த கைகள்தான். நினைவோடு அதற்கு நேர் உறவு இல்லை. நினைவேந்தல் நல்ல சொல். ஈழத்தமிழர் ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்காலுக்காகச் சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு கனத்தைக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்து மேடைக்கு அதை இறக்கிக்கொண்டுவர மனம் வரவில்லை. நடுகல் உண்டு, வீரக்கல் உண்டு, பள்ளிப்படை உண்டு. பட்டியலின் கடைசியில், பழைய குறிப்பேட்டில் எப்போதோ எழுதி வைத்துவிட்டு மறந்த ஒரு சொல்லும் இருந்தது: நிசீதிகை. பக்கத்தில் "விஜயமங்கலம்" என்று மட்டும் குறித்திருந்தேன். நண்பருக்கு மற்றவை எதுவும் பிடிக்கவில்லை, இது பிடித்துவிட்டது. "கேக்கவே நல்லா இருக்குதே. என்ன அருத்தமுங்?"

நினைவுச் சின்னம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லா நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சொல்லுக்குள் நினைவும் இல்லை, சின்னமும் இல்லை. பிறகு எப்படி அந்தப் பொருள் வந்தது? தேடல் தொடங்கியது இங்கேதான்.

முதலில் நடுகல்லை ஒதுக்கிவிட வேண்டியிருந்தது. கொங்கு நாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. பட்டி மாடுகளைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவனுக்கு எடுத்த புலிக்குத்திக் கல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் ஊர் எல்லைகளில் இன்றும் நிற்கிறது. புலி பின்னங்காலில் எழுந்து நிற்கும். வீரன் அதன் வயிற்றில் ஈட்டியைப் பாய்ச்சிக்கொண்டிருப்பான். சில ஊர்களில் அவன் சாமியாகிவிட்டான். பொங்கலும் கிடா வெட்டும் நடக்கின்றன. இந்தக் கல்லை எடுப்பதற்கு முறை சொல்லுகிறது தொல்காப்பியம்: கல்லைத் தேடிக் காண்பது, தேர்ந்து கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. ஆறு கட்டமும் உயிரோடிருப்பவர்கள் செய்யும் வேலை. செத்தவன் பங்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நடுகல் என்ற பெயரே நட்டவர்களின் செயலைத்தான் சொல்கிறது. நிசீதிகை அப்படிப்பட்ட சொல்லாக எனக்குப் படவில்லை.

விஜயமங்கலத்துக்குக் கணபதியிலிருந்து போவது எளிது. காந்திபுரம் போய் ஈரோடு பஸ் ஏறினால் அவிநாசி தாண்டி, பெருந்துறைக்கு முன்னால் இறங்கிக்கொள்ளலாம். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் டோல்கேட்தான் நினைவுக்கு வரும். தமிழ் படித்தவர்களுக்கு வேறு நினைவுகள் வர வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்த பெருங்கதையின் ஆசிரியர் கொங்குவேளிரை இந்த ஊரோடு சேர்த்துச் சொல்லுவது மரபு. கொங்கு மண்டல சதகம் பாடிய கார்மேகக் கவிஞரும் இவ்வூர்ச் சமணர் என்பார்கள். நன்னூல் தந்த பவணந்தியின் ஊர் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று இப்பகுதிக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்; மைசூர்ப் பக்கம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் தலையிடுவதில்லை.

ஊரை அடுத்த மேட்டுப்புதூரில் இருக்கிறது சந்திரப்பிரபர் கோயில். எட்டாம் தீர்த்தங்கரருடையது. அக்கம்பக்கத்தார் நெட்டைக் கோபுரம் என்கிறார்கள். பழைய நூல்களில் இவ்விடம் பஸ்திபுரம். பஸ்தி என்பது சமணக் கோயிலுக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயர். தமிழ்நாட்டின் நடுவில் ஒரு சமணக் கோயிலைப் பள்ளி என்று சொல்லாமல் பஸ்தி என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் துப்பு இது. பார்த்தவுடன் இதன் மதிப்பு எனக்குத் தெரிந்தது. தெரிந்தே ஒரு ஓரமாக வைத்துவிட்டு, நிசீதிகை என்று வெட்டியிருக்கும் தூணைத் தேடிப் போனேன்.

கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் ஒரு கல்வெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு வரிக்கு மேல் கிடைக்காது. விஜயமங்கலத்து மண்டபத் தூண் கல்வெட்டுக்கும் அந்த அளவுதான்: சாமுண்டராயனின் தங்கை புள்ளப்பையின் நிசீதிகை. அவ்வளவே. எந்த ஆண்டு, எத்தனை நாள் நோன்பு, குரு யார், ஒன்றும் இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'சமணமும் தமிழும்' 1954-இல் வந்தது. தமிழ்நாட்டுச் சமணத் தலங்களை மாவட்டம் மாவட்டமாகத் தொகுத்த அந்த நூலுக்குப் பின் வந்தவர்கள், கொங்குச் சமணத்துக்காகவே ஊர் ஊராக அலைந்த ஈரோட்டுப் புலவர் செ. இராசு உட்பட, இந்தத் தூணைத் தாண்டிப் போனதில்லை.

இத்தகைய கல்லைப் படிக்கப் பகல் வெளிச்சம் உதவாது. அந்தி சாய்ந்தபின், டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். நேராக அடித்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். அப்படியும் பிடிபடாவிட்டால் மைப்படிதான் கதி. கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் அடித்து அடித்துத் தாளை எழுத்தின் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது. பள்ளத்தில் மை படாது. கறுப்பில் வெள்ளையாக எழுத்து நிற்கும். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகள் மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்கு முன் ஒரு எழுத்தில் சந்தேகம் வந்தால் கோவைக்காரன் மலையேறித்தான் போக வேண்டியிருந்தது.

மலையேறிப் போவது என்றதும் ஓரமாக வைத்த துப்பு ஞாபகத்துக்கு வந்தது. கணபதி வழியாகப் போகும் சத்தி ரோடு சத்தியமங்கலத்தோடு நிற்பதில்லை. பண்ணாரியைக் கடந்து, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாமராஜநகர் வழியாக மைசூர்ச் சீமைக்குப் போய்விடுகிறது. திப்புவும் ஐதரும் படை இறக்கிய கஜலட்டிக் கணவாயும் இந்தப் பக்கம்தான். படைகளுக்கு முன்னால் வணிகர்களும் துறவிகளும் இறங்கியிருக்கிறார்கள். மைசூர்ப் பீடபூமியை ஆண்ட கங்கர்களைக் கொங்கு நாட்டின் அரசர் வரிசையிலேயே வைத்துப் பேசுகிறது 'கொங்குதேச ராஜாக்கள்' என்ற பழைய உரைநடை ஏடு. மெக்கன்சி தொகுப்பில் இருந்த அந்த ஏட்டை 1950-இல் பதிப்பித்தவர் கோவைகிழார் என்று நாம் அறிந்த சி.எம். இராமச்சந்திரஞ் செட்டியார். அதன் காலக்கணக்குகளை நம்ப முடியாது என்று ஆய்வாளர்கள் ஒதுக்குவார்கள். கணக்கை ஒதுக்கலாம், மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் ஒரே கதைக்குள் இருந்தார்கள் என்ற நினைவை ஏன் ஒதுக்க வேண்டும்?

சாமுண்டராயன் அந்தக் கங்கர்களின் அமைச்சன், படைத்தலைவன். இரண்டாம் மாரசிம்மனிடமும் நான்காம் ராசமல்லனிடமும் இருந்தவன். கன்னட உரைநடையின் ஆரம்பகால நூல்களில் ஒன்றான சாவுண்டராய புராணம் 978-இல் அவன் எழுதியது. சிரவணபெளகொளாவில் 58 அடி உயரக் கொம்மடேசுவரரை எடுப்பித்தவனும் அவனே, 980-களின் தொடக்கம். அந்தச் சிலையின் காலடியில் அவன் செய்வித்தான் என்ற செய்தி கன்னடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. கர்நாடகத்தின் நடுவில், மலை உச்சியில், தமிழ் படிக்கிறவர்களும் வந்து பார்ப்பார்கள் என்று ஒருவன் நினைத்திருக்கிறான். அவன் தங்கைக்குக் கொங்கில் ஒரு தூண் இருப்பதில் வியக்க ஒன்றுமில்லை. அவள் பெயரும் மேட்டுச்சீமையைத்தான் காட்டுகிறது. புள்ளப்பையில் உள்ள 'அப்பை' கன்னடத்தில் பெண்பெயரின் ஈறாக வரும் 'அப்பெ'. கவி ரன்னனை ஆதரித்த அத்திமப்பெ பெயரிலும் அதே ஈறுதான்.

அந்தக் குடும்பமும் அந்த அரசவையும் சாவை எப்படிப் பார்த்தன என்பதும் தெரியும். மாரசிம்மன் அரசைத் துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேனர் முன்னிலையில் உணவை விட்டு உயிர் நீத்தான்; 974-ஐ ஒட்டி. அதைச் சொல்லும் தூண் சிரவணபெளகொளாவில் நிற்கிறது. இராட்டிரகூடரின் கடைசி வாரிசான நான்காம் இந்திரன் 982-இல் சிரவணபெளகொளாவிலேயே அதே வழியில் போனான். சல்லேகனை என்பது இதன் பெயர். உடம்பையும் ஆசைகளையும் மெல்ல மெல்ல மெலிய விடுதல். சிரவணபெளகொளாவின் சின்ன மலையான சந்திரகிரியில் பாறை பாறையாக இத்தகைய சாவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைக் குறிக்கும் கன்னடச் சொல் நிசிதி, நிசிதிகெ, நிஷிதிகெ என்று பல வடிவில் வருகிறது. 1889-இல் லூயிஸ் ரைஸும், பிறகு 1923-இல் நரசிம்மாச்சாரும் அந்தக் கல்வெட்டுகளைத் தொகுத்தார்கள். தொகுப்பைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல்.

ஆக, சொல் திம்பம் வழியாகக் கன்னடத்திலிருந்து இறங்கி வந்தது என்று கோப்பை மூடிவிடலாம் போல இருந்தது. மூட விடாமல் செய்தது செஞ்சிப் பக்கத்துத் திருநாதர்குன்று.

அங்கே ஒரு பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அருகே பிராமி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு. ஐம்பத்தேழு நாள் அனசனம், அதாவது உண்ணாநோன்பு, நோற்ற சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நிசீதிகை அது. தமிழ் 'ஐ' என்ற தனி எழுத்து கல்வெட்டில் முதன்முதலில் தென்படுவது இங்கேதான் என்று எழுத்து வரலாறு எழுதுகிறவர்கள் கொண்டாடுவார்கள். ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுக் கணக்கில் வைக்கிறார்கள். அதாவது புள்ளப்பைக்கு நானூறு ஆண்டுகளுக்காவது மூத்தது. சிரவணபெளகொளாவின் பழைய கல்வெட்டுகளோடு தோளுரசி நிற்கக் கூடியது. அதே குன்றில், பிந்திய எழுத்தில் இன்னொன்று, இளைய படாரர் ஒருவருக்கு, முப்பது நாள் நோன்பு. எனவே இந்தச் சொல்லைத் தமிழ் தனியாகவே அறிந்திருந்தது. விஜயமங்கலத்தில் அது கன்னடக் குடும்பத்தோடு வந்திருக்கலாம், ஏற்கெனவே கொங்குச் சமணர் வாயிலும் இருந்திருக்கலாம். இரண்டில் ஒன்றைத் தூண் மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

'நோற்ற' என்ற வினையைப் பார்த்ததும் கொங்குக்காரனுக்குக் காது நிமிரும். நாங்கள் பண்டிகையை நோம்பி என்கிறோம், தைநோம்பி, ஆடிநோம்பி. சோறும் கறியுமாக வயிறு முட்டச் சாப்பிடும் நாளுக்கு நோன்பு என்று பெயர். இது சமணர் விட்டுப்போன சொல் என்று உள்ளூர் மலர்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். நோன்பு எல்லாத் தமிழருக்கும் பொதுச்சொல். கொங்கில் மட்டும் அது விருந்துக்குத் தாவியதற்குச் சமணம்தான் காரணம் என்பதற்கு ஒரு கல்லும் சாட்சி சொல்லவில்லை. அதை விட்டுவிடுவோம்.

இனி பொருள். நிசீதிகை என்றால் என்ன?

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. முதலாவது 'நிசி', இரவு. கேட்க அழகு, ஆனால் காதில் விழும் ஒலி ஒப்புமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை; முதல் நாளே தள்ளிவிட்டேன். இரண்டாவது 'நிஷேதம்', விலக்குதல். உணவை விலக்கியவனின் இடம் என்று பொருள் சொல்லிவிடலாம். மூன்றாவது வடமொழியில் உட்காருவதைக் குறிக்கும் 'ஸத்' என்ற வேர். அதன் முன் 'நி' சேர்ந்தால் கீழே அமர்தல். ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து கற்றதால் உபநிடதம் என்று பெயர் வந்ததே, அதே வேர். பௌத்தத் துறவி விரித்து உட்காரும் துணிக்குப் பாலியில் 'நிஸீதன' என்று பெயர்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஒரே ஒரு எழுத்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விலக்குதலைச் சொல்லும் வேரில் நான்காவது 'த', மூச்சுக் கலந்து அழுத்திச் சொல்வது. அமர்தலைச் சொல்லும் வேரில் மூன்றாவது 'த', மெல்லியது. கல்லில் எது இருக்கிறது? திருநாதர்குன்றில் இருப்பது 'த'. தமிழில் நான்குக்கும் அது ஒன்றுதான். நமக்கு வேண்டிய ஒரே தடயத்தைத் துல்லியமாக அழித்துவிட்டு மற்றதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறது நம் எழுத்து. கன்னட எழுத்துக்கு இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரியும். ஆனால் கன்னடக் கல்தச்சர்கள் மனம்போனபடி இரண்டு விதமாகவும் வெட்டியிருக்கிறார்கள். சமணப் பிராகிருத நூல்களில் 'நிஸீஹியா' என்று வருகிறது. அந்த 'ஹ' மூச்சுள்ள எழுத்திலிருந்து தேய்ந்தது போலத் தோன்றி, விலக்குதல் கட்சிக்குப் பலம் சேர்க்கிறது.

அந்தக் கட்சிக்கு உயிருள்ள சாட்சியும் கிடைத்தது, கோவையிலேயே. ராஜ வீதிப் பக்கம் கடை வைத்திருக்கும் ராஜஸ்தான் சமண வணிகர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார். "நிஸ்ஸஹி தானே? அது தினமும் சொல்றதுங்க." கோயில் வாசலைத் தாண்டும்போது மூன்று முறை நிஸ்ஸஹி என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். வியாபாரம், வீடு, வழக்கு எல்லாவற்றையும் வாசலிலேயே விலக்கி வைத்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம் என்று சின்ன வயதில் அவருடைய பாட்டி சொல்லிக் கொடுத்தார்களாம். நூல்களிலும் அப்படி விளக்கம் உண்டு. துறவிகள் இருப்பிடத்தை விட்டு வெளியே போகும்போது 'ஆவஸ்ஸியா' என்றும், உள்ளே நுழையும்போது 'நிஸீஹியா' என்றும் சொல்ல வேண்டும் என்பது பழைய விதி.

பாட்டி சொன்னது பக்தி. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துறவிகளின் விதியை ஒரு முறை யோசித்துப் பார்த்தேன். வெளியே போகும்போது 'அவசிய வேலை இருக்கிறது' என்கிறார். உள்ளே வரும்போது அதற்கு இணையாக என்ன சொல்லுவார்? 'உட்காரப் போகிறேன்' என்பதுதானே.

யோசனை ஆதாரமாகாது. ஆதாரம் பீகாரில் இருந்தது. கயைக்கு வடக்கே பராபர் குன்றுகளை ஒட்டிய நாகார்ஜுனிக் குன்றில், கண்ணாடி போல மழமழப்பாக்கிய மூன்று குகைகள். அசோகரின் பேரன் தசரதன், முடிசூடிய கையோடு அவற்றை ஆசீவகத் துறவிகளுக்குக் கொடுத்தான். மூன்று கல்வெட்டுகளிலும் கொடுத்த காரணம் ஒரே தொடரில் இருக்கிறது: 'வாஸ நிஸிதியா'வுக்காக. மழைக்காலத்தில் தங்கி அமர்ந்திருக்க, நிலவும் கதிரும் உள்ள வரை. பிராமியில் மூன்றாவது 'த'வுக்கும் நான்காவது 'த'வுக்கும் வேறு வேறு வடிவம். அங்கே வெட்டியிருப்பது மூன்றாவது. அடுத்து ஒடிசாவின் உதயகிரி, காரவேலனின் யானைக்குகைக் கல்வெட்டு. அதிலும் நிஸீதியா வருகிறது, அதிலும் மூன்றாவது 'த'. அங்கே அது அருகதரின் எச்சம் வைத்த சின்னமா, துறவிகள் ஓய்விடமா என்று அறிஞர்கள் இன்றும் இரண்டு பட்டிருக்கிறார்கள். ஆனால் எழுத்தில் சண்டை இல்லை. சொல்லின் மிகப் பழைய இரண்டு சாட்சிகளும் உட்காருதல் பக்கம் நிற்கின்றன. 'ஹ' பின்னால் வந்த தேய்மானம். 'விலக்குதல்' அந்தத் தேய்மானத்துக்குப் பின்னால் வந்த விளக்கம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நாகார்ஜுனிக் குகையில் யாரும் சாகவில்லை. அது மழைக்கு ஒதுங்கிய உயிருள்ள மனிதர்களின் உட்காருமிடம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் உயிரோடு அமர்ந்த இடத்தைச் சொன்ன சொல், திருநாதர்குன்றுக்கு வரும்போது அமர்ந்தபடியே போனவரின் இடத்தைச் சொல்கிறது. அவர் கடைசியாகச் செய்த வேலை உட்கார்ந்திருந்தது. ஐம்பத்தேழு நாள். இடத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை, ஆள் மட்டும் இப்போது இல்லை.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தா என்று பார்க்க வேண்டும் அல்லவா? கரூர்ப் பக்கம் போனேன். அதுவும் கொங்குதான். புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் காலத்துக் கல் படுக்கைகள் இருக்கின்றன. இரும்பொறைகளின் மூன்று தலைமுறையைச் சொல்லும் பேர்பெற்ற கல்வெட்டு அங்கேதான். அதே மலையில், அதிகம் பேசப்படாத சிறு கல்வெட்டு ஒன்று, கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவன் கொடுத்த 'அதிட்டானம்' பற்றியது. தங்கம் விற்றுச் சம்பாதித்த ஒருவன், துறவிகள் அமரவும் கிடக்கவும் பாறையைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறான். அதிட்டானம் என்றால் இருக்கை, தங்குமிடம். கரூருக்கு அந்தப் பக்கம், காவிரிக் கரையில் நெரூர். சதாசிவப் பிரம்மேந்திரரைப் பார்க்கப் போகிற கூட்டம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வழி கேட்பது எப்படி? "அதிஷ்டானம் எந்தப் பக்கமுங்க?" அங்கே அது அவருடைய சமாதி. ஒரே சொல், ஒரே ஆற்றுப்படுகை. நத்தியின் மலையில் உயிருள்ளவர் இருக்கை, நெரூரில் போனவர் இருக்கை.

பள்ளியும் அப்படியே. முதலில் படுக்கை, பிறகு துறவிகள் கிடந்த இடம், அங்கே பிள்ளைகள் படித்ததால் பள்ளிக்கூடம். சோழர் காலத்தில் அதே பள்ளி, பள்ளிப்படையாக, அரச குடும்பத்தாரின் சாவு நினைவுக் கோயிலாகிவிட்டது. பட்டீசுவரம் அருகே பஞ்சவன்மாதேவிக்கு முதலாம் இராசேந்திரன் எடுத்தது அத்தகைய கோயில்தான். வடமொழி, பிராகிருதம் எதுவும் கலக்காத தமிழ்ச் சொல் ஒன்று வேண்டுமா? வடக்கிருத்தல். கோப்பெருஞ்சோழன் உணவை விட்டுப் போனதற்குப் பெயர் பட்டினியும் அல்ல, நோன்பும் அல்ல, வடக்கு நோக்கி உட்கார்ந்திருத்தல். அவனுக்கும் பிறகு நடுகல் நட்டதாகப் புறநானூற்றில் பொத்தியார் பாட்டுகள் இருக்கின்றன. அவன் இருந்ததற்கு ஒரு பெயர், ஊரார் நட்டதற்கு வேறு பெயர். தமிழ் இரண்டையும் கலக்கவில்லை. நிசீதிகையில் மட்டும் இருந்தவரின் செயலே கல்லின் பெயராக நின்றுவிட்டது.

இதையெல்லாம் பவுண்டரி நண்பரிடம் ஒரு சாயங்காலம் விளக்கினேன். உலை எரிந்துகொண்டிருந்தது, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அச்சில் குழம்பு ஊற்றுவதைப் பார்க்க எழுந்து போனார், திரும்பி வந்து மீதியைக் கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப எங்களுக்குச் செரிப்படாதுங்ணா. எங்கய்யன் ஒரு நாளு உக்காந்து பாத்ததில்லீங்க. பதினாலு வயசுல அரம் புடிச்ச கை, சாகற அன்னிக்குக் காலைல கூட ஷெட்டுக்கு வந்து நின்னுட்டுத்தான் போச்சு. அந்த மனுசனுக்குப் போயி உக்காந்த எடம்னு வெட்டறதா?" என்றார். பெயர், ஊர், பிறந்த தேதி, இறந்த தேதி மட்டும் வெட்டிக்கொண்டார். சொல்லாராய்ச்சியில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான வாசகர் அவர்தான் என்பேன். நூல்கள் 'நினைவுச் சின்னம்' என்று மொழிபெயர்த்து நகர்ந்துவிடுகிற சொல்லை அவர் அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, பொருந்தாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புள்ளப்பைக்குப் பொருந்தும். அவளைப் பற்றி அந்தத் தூண் நமக்குக் கொடுப்பது மூன்று செய்தி: பெயர், அண்ணன், உட்கார்ந்தாள் என்பது. எத்தனை நாள் என்று சொல்லாவிட்டாலும், சந்திரகிரியின் வழக்கத்தை வைத்துப் பார்த்தால், நோய்க்கோ போருக்கோ அவள் போகவில்லை, தானே தீர்மானித்து, குரு சாட்சியாக உணவைக் குறைத்துக்கொண்டே வந்து போனாள் என்பது அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அண்ணன் எழுப்பியது மலை உச்சியில் நிற்கிற சிலை. தங்கைக்கு அமர்ந்த இடம்.

தமிழில் இந்தச் சொல் விஜயமங்கலத்துக்குப் பிறகு ஊர்வழக்கில் தழைக்கவில்லை. கன்னடத்தில் நிலைத்தது. வரலாற்றாய்வாளர் சேட்டர் சமணரின் சாவு பற்றித் தார்வாடிலிருந்து எழுதிய இரண்டு பெரிய நூல்களும் பெரும்பாலும் அந்தக் கன்னட நிசிதிகளின் மேல் நிற்பவை. வடக்கே என்ன ஆயிற்று என்று ராஜ வீதி வணிகரிடம்தான் மறுபடி கேட்டேன். நாகார்ஜுனிக் குகை, 'த' எழுத்து எல்லாம் சொல்லிவிட்டு, அஜ்மீரில் சோனிஜி கி நசியா என்று ஒரு சமணக் கோயில் இருக்கிறதே, பொன் வேலைக்குப் பேர்போனது, 1865-இல் மூல்சந்த் சோனி கட்டியது, அந்த 'நசியா'வும் நிஸீஹியாதான் தேய்ந்து வந்திருக்கிறது என்றேன். ஊருக்கு வெளியே துறவிகளின் நினைவிடம் இருந்த தோட்டங்களில் கோயில் எழும்ப, கோயிலுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தினமும் வாசலில் சொல்கிற நிஸ்ஸஹியும் ஊரில் உள்ள நசியாவும் ஒன்று என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லையாம்.

"நசியான்னா எங்க பக்கம் ஊருக்கு ஊர் உண்டுங்க. கோயில் இருக்கும், தோட்டம் இருக்கும், வர்றவங்க தங்க ரூம் இருக்கும். பெரிய ஹால் இருந்தா வாடகைக்கும் விடுவாங்க" என்றார். "என் தங்கச்சி கல்யாணமே எங்க ஊர் நசியாவுலதான் நடந்தது."